செகாவின் வண்டிக்காரர்

ரஷ்ய எழுத்தாளர் ஆன்டன் செகாவ் 1886-இல் எழுதிய ஒரு சிறுகதையில், பனி கொட்டும் மாலையில் பீட்டர்ஸ்பர்க் தெருக்களில் சறுக்குவண்டி ஓட்டும் அயோனா பொத்தாபவ் என்ற முதியவர், அந்த வாரம் இறந்துபோன தம் மகனைப் பற்றி யாரிடமாவது சொல்லிவிட முயன்றுகொண்டே இருக்கிறார். வண்டியில் ஏறிய இராணுவ அதிகாரி, எதனால் இறந்தான் என்று கேட்கத்தான் செய்கிறார். ஆனால் சற்று நேரத்தில் கண்ணை மூடிக்கொள்கிறார். கூனல் முதுகுள்ள ஒருவன், எல்லாரும் சாகத்தான் போகிறோம் என்று சொல்லி, வண்டியை வேகமாக ஓட்டச் சொல்கிறான்.

என் தந்தை மறைந்தபோது, துக்கம் விசாரிக்க வந்த ஒவ்வொருவரிடமும் என் தாயார், முந்தின இரவு அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்துகொண்டதிலிருந்து தொடங்கி, ஒரு விவரத்தையும் விடாமல், அதே வரிசையில் சொல்லிவந்தார். உறவினர் ஒருவர், “வயசாயிடுச்சு, யாருக்கும் தொந்தரவில்லாத நல்ல சாவு அண்ணி” என்று ஆறுதலாகத்தான் இடைமறித்தார். அம்மாவின் பேச்சு அத்துடன் நின்றுவிட்டது. அயோனாவுக்கும் அந்த வரிசைதான் வேண்டியிருக்கிறது: மகன் எப்படி நோயில் விழுந்தான், எவ்வாறு வேதனைப்பட்டான், சாகுமுன் என்ன சொன்னான் என்பதில் தொடங்கி, அவனுடைய துணிகளை வாங்கிவர ஆஸ்பத்திரிக்குப் போனது வரை. எல்லாரும் சாகத்தான் போகிறோம் என்பது உண்மையே என்றாலும், அந்த மகனைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை. துக்கம் விசாரிப்பதை வெற்றுச் சடங்கு என்பவர்களோடு என்னால் உடன்பட முடியவில்லை, “என்ன ஆச்சு?” என்று கேட்டுவிட்டு எதிரில் உட்காரும் ஒருவர்கூட அயோனாவுக்கு அந்நகரில் கிடைக்கவில்லையே.

இதை எழுதியபோது செகாவுக்கு வயது 26. மருத்துவப் படிப்பை முடித்த 1884-ஆம் ஆண்டிலேயே அவர் இருமலில் இரத்தம் கண்டிருந்தார். பின்னர் 1890-இல், ரஷ்யா கைதிகளை நாடுகடத்திவந்த சகாலின் தீவுக்குச் சென்று, கைதிகளையும் குடியேறிகளையும் நேரில் விசாரித்து, ஏறத்தாழ 10,000 அட்டைகளில் விவரங்களைப் பதிந்தார். பிறர் துன்பத்தை இவ்வளவு அருகிருந்து கேட்டவர், அதைத் தீர்த்துவைக்கும் உரிமையைத் தம் எழுத்துக்கு எடுத்துக்கொள்ளவில்லை என்பதே என்னை அவரிடம் மீண்டும் மீண்டும் அழைத்துச் செல்கிறது. கேள்வியைச் சரியாக முன்வைப்பதே கலைஞனின் கடமை, அதற்கு விடை காண்பதன்று என்று 1888-இல் பதிப்பாளர் சுவோரினுக்கு அவர் கடிதம் எழுதினார். அயோனா இறுதியில் தம் குதிரையிடம் எல்லாவற்றையும் சொல்கிறார். சொன்னபின் மனம் ஆறியதா என்பதைப் பற்றிச் செகாவ் ஒரு வரிகூட எழுதவில்லை.