ஷான்ஷி பணக்கடைகளில் ‘யி’ எப்படி விதியாக மாறியது?

பேரேடு:
கன்ஃபூசியஸ் மரபில் ‘யி’ (அறம்) முன்னே, ‘லி’ (ஆதாயம்) பின்னே. சரி. ஆனால் அதை வைத்து ஒரு கிளை மேலாளருக்குச் சம்பளம் போட முடியுமா? சீனாவில் சிங் ஆட்சிக்காலத்து ஷான்ஷி மாகாண வணிகர்கள் இதை நடைமுறைக்குக் கொண்டுவந்ததாகச் சொல்கிறார்கள். எப்படி என்று யாராவது விளக்க முடியுமா?

ஐந்தொகை:
சம்பளத்தில் இல்லை, பங்கில் இருக்கிறது விஷயம். 1823 வாக்கில் பிங்யாவ் ஊரில் ரிஷெங்சாங் என்ற கடை தொடங்கிய பிறகு பரவிய பியாவ்ஹாவ் (பணச்சீட்டு) கடைகள், ஊர் விட்டு ஊர் வெள்ளியைச் சுமக்காமல் சீட்டிலேயே பணம் அனுப்பின. அவற்றில் இரண்டு வகைப் பங்கு. முதல் போட்டவருக்கு ‘வெள்ளிப் பங்கு’. உழைப்பவருக்கு ‘உடல் பங்கு’. பத்து ‘லீ’ சேர்ந்தால் ஒரு முழுப் பங்கு. தலைமை மேலாளருக்கே பொதுவாக அதுதான் உச்சம். மற்றவர்களுக்கு ஓரிரு லீயில் தொடங்கி, கணக்கு முடிவுதோறும் வேலையைப் பார்த்து ஏற்றுவார்கள். கணக்கு முடிப்பது மூன்று, நான்கு ஆண்டுக்கு ஒருமுறை. இடையில் கொடுக்கும் முன்பணம் பிறகு லாபத்தில் கழியும்.

தாதெதோங் என்ற இன்னொரு பியாவ்ஹாவ் கடையின் கணக்கைப் பாருங்கள். 1889இல் வெள்ளிப் பங்கு 20, உடல் பங்கு 9.7. 1908இல் வெள்ளி அதே 20, உடல் 23.95. முதலாளிகளின் விகிதம் ஏறக்குறைய 67இலிருந்து 45 சதவீதமாக இறங்கியது. ஆனால் ஒரு பங்குக்கான லாபம் 850 லியாங் (சீன எடை அளவு) வெள்ளியிலிருந்து சுமார் 17,000 ஆனது. விட்டுக்கொடுத்ததில் முதலாளிக்கு நட்டமில்லை!

முத்திரை:
பங்கு மட்டும் போதாது. முதலாளியின் மகன், மருமகன், மைத்துனன் மூவரையும் கடைக்குள் விடக்கூடாது என்று பல கடைகளில் கட்டுப்பாடு. மேலாளரை அமர்த்திவிட்டால் முதலாளி அன்றாட நிர்வாகத்தில் தலையிடுவதில்லை. என் கணக்கில் ‘யி’ முதலில் கட்டிப்போட்டது முதலாளியைத்தான்.

நம்பிக்கை என்று கண்ணை மூடிக்கொள்ளவும் இல்லை. ரிஷெங்சாங் சீட்டில் மாதத்தை எண்ணில் எழுதாமல், பன்னிரண்டு எழுத்து கொண்ட ஒரு வாசகத்திலிருந்து மாதத்துக்கு ஓர் எழுத்தை எடுத்து எழுதினார்கள். அந்த வாசகத்துக்கே ‘போலிச் சீட்டு ஜாக்கிரதை, கையெழுத்தையும் முத்திரையையும் கூர்ந்து பார்’ என்ற பொருள்தான். சீட்டு எழுதுபவரின் கையெழுத்து மாதிரி கிளைகளிடம் இருக்கும். ஒப்பிட்டுப் பார்த்துத்தான் பணம் கொடுப்பார்கள்.

பேரேடு:
இவ்வளவு ஒழுங்காக இருந்தும் 1914இல் ரிஷெங்சாங் ஏன் விழுந்தது?

ஐந்தொகை:
ஆளின் நாணயத்தை நம்பி, அடமானம் இல்லாமல் கடன் கொடுத்த பழக்கம். சிங் ஆட்சியைக் கவிழ்த்த 1911 புரட்சியில் கடன் வாங்கியவர்கள் சிதறினார்கள். வைப்புத்தொகை போட்டவர்களோ வாசலில் நின்றார்கள். உடல் பங்குக்காரருக்கு லாபத்தில் மட்டுமே பங்கு, நட்டத்தில் இல்லை. முதலாளிக்கோ வரம்பில்லாத பொறுப்பு. சொந்தச் சொத்து வரை போகும். லாபத்தில் ஒரு பகுதியைப் பிரிக்காமல் காப்புத்தொகையாக நிறுத்தும் வழக்கம் இருந்தது. ஆனால் கடனும் திரும்பாமல் வைப்பும் ஒரே நேரத்தில் வெளியேறும்போது அது எத்தனை நாளைக்கு வரும்?