ஏசி ஸ்டார் லேபிளை மாற்றிக்கொண்டே இருப்பது சரியா?

செல்வம்: 2021இல் கூடுதல் விலை கொடுத்து 5 ஸ்டார் ஏசி வாங்கியவர்கள் எத்தனையோ பேர். 2022 ஜூலையில் மத்திய அரசின் மின் சிக்கன அமைப்பான பிஇஇ ஸ்டார் அட்டவணையைத் திருத்தியதும் அதில் பல மாடல்கள் 4 ஸ்டாராக இறங்கிவிட்டன. மெஷினில் ஒரு திருகாணிகூட மாறவில்லை. அப்புறம் எதை நம்பி வாங்குவது? திருத்தம் வரும்போதெல்லாம் விலையும் ஏறுகிறது.

மலர்விழி: செல்வம் சார், அந்த ஏசி நேற்று இழுத்த கரண்ட்டைத்தான் இன்றும் இழுக்கிறது. அவர்களுக்கு நஷ்டம் எங்கே? தேவைக்கேற்ப வேகத்தைக் குறைத்து ஓடும் இன்வெர்ட்டர் ஏசி பரவிய பிறகு 5 ஸ்டார் எடுப்பது சுலபமாகிவிட்டது. அதனால் 5 ஸ்டாருக்கு வேண்டிய ஐசீர் எண்ணை, அதாவது இழுக்கும் மின்சாரத்துக்கு எவ்வளவு குளிர்ச்சி தருகிறது என்ற எண்ணை, 4.5இலிருந்து 5.0 ஆக்கினார்கள். அதே குளிர்ச்சிக்குப் பத்து சதவீதம் குறைந்த மின்சாரம். ஏற்றாமல் விட்டால் கம்பெனிகள் ஏன் மெனக்கெடப் போகின்றன?

செல்வம்: அந்தப் பத்து சதவீதம் யாருக்கு? லேபிளில் உள்ள யூனிட் கணக்கு, வருடத்துக்கு 1600 மணி நேரம் ஓடும் என்று வைத்துப் போட்டது. கோடை நாலு மாதம் ராத்திரி எட்டு மணி நேரம் போடுகிற வீட்டில் ஆயிரம் மணிகூட வராது. தவணையில் வாங்குகிற குடும்பம் கூடுதலாகக் கொடுத்த பணத்தை என்றைக்கு எடுக்கும்? 1 ஸ்டாருக்கான எண்ணும் 3.1இலிருந்து 3.3 ஆனது. மலிவான மாடல்கள் கடையை விட்டே போய்விட்டன.

குமார்: நான் வீட்டு உபயோகப் பொருள் கடையில் வேலை செய்கிறேன். பழைய ஸ்டாக்கை விற்க அப்போது அவகாசம் கொடுத்தார்கள். ஒரே வரிசையில் பழைய 5 ஸ்டாரும் புதிய 5 ஸ்டாரும் நின்றன. லேபிள் எந்தக் காலத்துக்கு உரியது என்று அதிலேயே அச்சாகியிருக்கிறது, ஆனால் பொடி எழுத்து. ஸ்டாரை விட்டுவிட்டு யூனிட் எண்ணைப் பாருங்கள் என்றுதான் எல்லோரிடமும் சொல்வேன்.

மலர்விழி: குமார் சொல்வது நியாயம். ஆண்டை ஸ்டாருக்குச் சமமான அளவில் போட வேண்டும். ஆனால் ஏழைக்குப் பலன் இல்லை என்பதை ஏற்க மாட்டேன். 2023 ஜனவரி முதல் சீலிங் ஃபேனுக்கும் லேபிள் கட்டாயம். சாதாரண ஃபேன் 75 வாட் இழுக்கிறது, மின்சாரம் மிச்சப்படுத்தும் மோட்டார் வைத்த பிஎல்டிசி ஃபேன் 30 வாட் அளவில் நிற்கிறது. ஒரு நாளைக்கு 15 மணி நேரம் என்றால் ஒரே ஃபேனில் வருடத்துக்குச் சுமார் 245 யூனிட் மிச்சம். இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் நம் ஊரில் பில் எப்படி எகிறும் என்று தெரியாதவர் உண்டா?

செல்வம்: ஃபேன் வருடம் முழுக்க ஓடும், அந்தக் கணக்கு சரி. ஏசிக்கு அது பொருந்தாது. 1600 மணிக்குப் பக்கத்தில் 800 மணிக்கும் ஒரு எண் போடட்டும். எனக்கு எந்த ஏசி கட்டுப்படியாகும் என்று நானே பார்த்துக்கொள்வேன்.

மலர்விழி: தாராளமாகப் போடட்டும். அதற்காக அளவுகோலை அப்படியே நிறுத்திவைக்கச் சொல்லாதீர்கள். இன்று வாங்குகிற ஏசி பத்து வருடம் சுவரில் இருக்கும்.