'ராங்கரஸ்': கசப்பா, காறலா, காழ்ப்பா?

குழுவினருக்கு வணக்கம்.

மொழிபெயர்க்கும்போது ஆங்கிலத்தில் 'ராங்கரஸ்' (rancorous) வந்தாலே 'கசப்பான' என்று போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம். கசப்பு போதாது. பாகற்காயும்தான் கசக்கிறது, அதைக் கெட்டுப்போனது என்று யாரும் சொல்வதில்லை. இந்தச் சொல்லின் லத்தீன் வேர் கெட்டு நாறுவதைக் குறிப்பது. கெட்டுப்போன எண்ணெய்க்குச் சொல்லும் 'ரான்சிட்'டுக்கும் (rancid) அதே வேர். திறந்து வைத்த கடலை எண்ணெய் காற்றும் வெளிச்சமும் பட்டு நாளடைவில் காறிப்போகும். அதில் புது எண்ணெயை ஊற்றினால் புதியதும் பாழ். இதன் பெயர்ச்சொல்லான 'ராங்கர்' அப்படி உள்ளே கிடந்து கெட்ட பகை. நேற்று மூண்டு இன்று அடங்கும் கோபத்துக்கு ஆகாது.

'அக்ரிமோனியஸ்' (acrimonious) வேறு. அதன் வேரில் இருப்பது காரம், கூர்மை. வாய்ச்சண்டை என்றால் 'வார்த்தை தடித்த' போதும்.

'வன்மம்' கிட்டே வருகிறது, ஆனால் ஒருவர் மனத்துக்குள் பதுங்கிப் பழிவாங்கக் காத்திருப்பது அது. விவாதத்துக்கோ விவாகரத்துக்கோ அடையாக ஒட்டவில்லை. 'காறலான விவாதம்' என்றால் வாசகர் தொண்டையைச் செருமிக்கொள்வார்!

என் பரிந்துரை 'காழ்ப்பேறிய'. காழ் என்பது மரத்தின் வயிரம். முள்மரத்தை இளசிலேயே வெட்டு, 'காழ்த்த இடத்து' அது வெட்டுபவன் கையையே பதம்பார்க்கும் என்கிறது குறள் 879. அந்தக் குறள் இருப்பதே 'பகைத்திறம் தெரிதல்' அதிகாரத்தில்.

– ஆர்.கே.புரத்திலிருந்து

> என் பரிந்துரை 'காழ்ப்பேறிய'

ஆளுக்கும் குரலுக்கும் கடிதத்துக்கும் சரி, மேடம். 'காழ்ப்பேறிய குரலில் பதில் சொன்னார்' நன்றாகவே நிற்கிறது. நாடாளுமன்றச் செய்தியில்தான் இடிக்கும். 'அரசியல் காழ்ப்புணர்ச்சி' மேடையில் தேய்ந்து, 'பொய்வழக்கு போட்டார்கள்' என்பதன் மறுபெயராகிவிட்டது. யாருக்கு யார்மேல் காழ்ப்பு என்று ஆசிரியர் கேட்பார். நிகழ்வுகளுக்குப் 'பகை முற்றிய' என்று வைக்கலாமே: பகை முற்றிய விவாதம், பகை முற்றிய பாகப்பிரிவினை. நாள்பட்டது என்ற பொருள் 'முற்றிய'வில் வந்துவிடுகிறது.

தில்லிக்காரர்களுக்கு ஒன்று. இந்திக் குற்றச்செய்திகளில் வரும் 'புரானி ரஞ்சிஷ்' ஒலியில் இதைப் போலிருக்கும். அது பாரசீகச் சொல், உறவே கிடையாது. அதற்கு நம் பத்திரிகைகளின் 'முன்விரோதம்' இருக்கிறது.

அகராதியில் தேடும்போது கவனம்: பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டலில் பெயர்ச்சொல்லில் (rancour) 'யூ' உண்டு, பெயரடையில் (rancorous) விழுந்துவிடும். 'யூ' போட்டுத் தேடிவிட்டு 'சொல்லே இல்லை' என்று எழுதாதீர்கள்.

– மயூர் விஹாரிலிருந்து