கலைச்சொல் தேவை: டிஎன்எஸ் ஏலியஸ் – மாற்றுப்பெயரா, வழங்குபெயரா?

அன்பர்களே, வணக்கம்.
கோப்பு சர்வர் கையேட்டின் தமிழாக்கம் வெள்ளிக்குள் போக வேண்டும். பகிர்ந்த கோப்புறையை டிஎன்எஸ் ஏலியஸ் (பெயருக்கு முகவரி தரும் டிஎன்எஸில் சர்வருக்கு வைத்த இன்னொரு பெயர்) வழியாகத் திறந்தால் பிழை 52. சர்வரின் சொந்தப் பெயரில் திறக்கிறது. ஏலியஸை 'மாற்றுப்பெயர்' என்றேன். சரிபார்த்தவர், சர்வரின் பெயரையே மாற்றிவிட்டதாகப் படித்துவிட்டார்.

———

> பெயரையே மாற்றிவிட்டதாக

வழங்குபெயர் என்று போடுங்கள். டிஎன்எஸில் ஏலியஸை எழுதும் சிநேம் பதிவின் வலப்பக்கம் இருப்பது இயற்பெயர். இடப்பக்கம், ஊர் வழங்கும் பெயர்.

———

வழங்கி என்றால் சர்வர் என்று எழுதிப் பழகிவிட்டோமே. வழங்குபெயரை வழங்கியின் பெயர் என்றே படிப்பார்கள். நேர் எதிர்ப்பொருள்.

———

ஆகுபெயர் இருக்க ஏன் இந்த அலைச்சல்? ஒன்றன் பெயரால் அதனோடு இயைந்த பிறிதைச் சொல்வது என்கிறது நன்னூல். 'பாலை வண்டியில் ஏற்று' என்றால் ஏறுவது குடம், தானியாகுபெயர். ஒரே பெயரில் இயங்கும் சர்வர் கூட்டமான கிளஸ்டரும் அப்படித்தான்: அழைப்பது கிளஸ்டரை, பதில் தருவது அதிலுள்ள ஏதோ ஒரு கணு.

———

ஐயா, பாலை ஏற்றச் சொன்னால் குடத்தைத் தூக்க வேண்டும் என்று கேட்பவனுக்குத் தெரியும். இங்கே சர்வருக்குத் தெரியாததுதான் சிக்கலே. டிஎன்எஸ் சரியான முகவரியைத் தந்துவிடும், பிங் ஓடும். ஆனால் கோப்புப் பகிர்வுக்கான எஸ்எம்பி இணைப்பில் பயனர் தட்டிய பெயரே சர்வருக்குப் போகும். அது தன் பெயரில்லை என்று பழைய விண்டோஸ் சர்வர் மறுக்கும். பிழைச்செய்தியோ 'இதே பெயர் நெட்வொர்க்கில் ஏற்கெனவே உள்ளது' என்று திசைதிருப்பும். ரெஜிஸ்ட்ரியின் லேன்மேன்சர்வர் பாராமீட்டர்ஸில் டிசேபிள்ஸ்ட்ரிக்ட்நேம்செக்கிங் மதிப்பை 1 ஆக்கினால் அந்த மறுப்பு போகும்.

பயனரை உறுதிசெய்யும் கெர்பரோஸ் முறை தனிக் கதை. ஏலியஸுக்கு எஸ்பிஎன் (கெர்பரோஸ் தேடும் சேவைப் பெயர்ப் பதிவு) இல்லையென்றால் பழைய முறையான என்டிஎல்எம்முக்கு இறங்கும். அதுவும் தடுக்கப்பட்டிருந்தால் அனுமதி மறுப்புதான். 'செட்எஸ்பிஎன் -எஸ்' கட்டளை போட்டுப் பதியுங்கள், அது இரட்டைப் பதிவு இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளும். கிளஸ்டரானால் பதிய வேண்டியது கிளஸ்டர் நெட்வொர்க் பெயரின் கணக்கில்; கணுவின் கணக்கில் பதிந்து பயனில்லை. விண்டோஸ் சர்வர் 2008 முதல் பகிர்வுகளும் அந்தப் பெயருக்கே கட்டுப்பட்டவை.

ஆக, சொல் இரண்டு வேண்டும். டிஎன்எஸ் மட்டும் அறிந்தது மாற்றுப்பெயர். 'நெட்டாம் கம்ப்யூட்டர்நேம்' கட்டளையில் சேர்த்து, சர்வரே தனதென்று ஏற்றது கூடுதல் பெயர்.

———

நன்றி. இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன். முதலில் வருமிடத்தில் 'சர்வரின் பெயர் மாறாது' என்றும் சேர்த்துவிடுகிறேன்.

———

> மாற்றுப்பெயர்

என் மறுப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். மாற்றுத்துணி உடுத்தினால் பழைய துணி கழன்றிருக்கும். இங்கே பழைய பெயர் கழலவே இல்லை. துணைப்பெயர் என்பதை அடுத்த பதிப்புக்காவது பாருங்கள்.