ரத வீதி ஓட்டுக்கூரைப் படம்: எங்க இடிக்குது?

(நெல்லை டவுன் ரத வீதி ஓட்டுக்கூரையையும் கோபுரத்தையும் மொட்டை மாடியிலேருந்து மொபைல்ல எடுத்த படத்தைப் போட்டு, எங்க குறைன்னு ஒருத்தர் கேட்டதுக்கு வந்த பதில்கள்.)

பாளைக்காரர்:
தம்பி, படத்தை முதல்ல கூறு போட்டுப் பாருங்க. அடியில மூணுல ஒரு பங்கு, நீங்க நிக்கிற மொட்டை மாடியோட சிமெண்ட் தரை. மேல பாதி வெறும் வானம். மிச்சம் ஆறுல ஒரு பங்குலதான் ஓட்டுக்கூரை, கோபுரத்தோட கீழ்நிலை எல்லாம் நெருக்கியடிச்சுக் கிடக்கு. கூரைப் படத்துல கூரைக்கே இடமில்ல! மொபைலோட மெயின் லென்ஸ் 24-26 மி.மீ. குவியத்தூரக் கணக்கு, அகலக் கோணம்; காலடியைப் பெருசாக்கி, தூரத்துல இருக்கிறதைச் சின்னதாக்கிடும். அதே மாடியில 85-லேருந்து 135 மி.மீ. வரை, தூரத்தைக் கிட்டக் காட்டுற டெலி லென்ஸுக்குப் போங்க. முகட்டுக்குப் பின்னால முகடா அடுக்கு நிறைஞ்சு நிக்கும். கலசத்துக்கு மேல விரல்கடை வானம் போதும்.

அடுத்தது வலது ஓரம். கன்னங்கறுப்புத் தண்ணித் தொட்டி, அதை ஒட்டியே வெயில்ல பளபளக்கிற தகரக்கூரை. படத்துலயே அதிக இருட்டும் அதிக வெளிச்சமும் சேர்ந்து நிக்கிற இடம் அதுதான். கோபுரத்தைப் பார்க்கிறதுக்கு முன்னால கண்ணு அங்க போய்டுது. வலது பக்கம் கொஞ்சம் வெட்டினாலே படம் பாதி சரியாகிடும்.

இன்னொண்ணு உத்துப் பார்த்தாத்தான் தெரியும். நடு வீட்டோட முகட்டு வரி, கோபுரத்தோட ஒரு நிலையின் அடியை அப்படியே தொட்டுக்கிட்டு ஓடுது. ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு தூரம்னு பிடிபடல. கோபுரம் ஓட்டு மேல உக்காந்த மாதிரி இருக்கு. ஒரு ஸ்டூல் மேல ஏறி எடுத்தா பக்கத்து முகடு கீழ இறங்கி, நடுவுல இடைவெளி விழும். கைப்பிடிச் சுவர் மேல மட்டும் ட்ரைபாடை வைக்காதீங்க, ஆனி ஆடிக் காத்து சும்மா இருக்காது.

பேட்டைக்காரர்:
அண்ணாச்சி சொன்னது படத்தோட கட்டமைப்பு. டோன், அதாவது வெளிச்சம் நிழல் விஷயம் வேற. சாயங்காலம் அஞ்சரைக்கு மேற்கே பார்த்து எடுத்தா, நமக்குத் தெரியுற ஓட்டுச் சரிவு பெரும்பாலும் நிழல் பக்கம். வானம் அதைவிட மூணு, நாலு ஸ்டாப் கூட (ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் ரெண்டு மடங்கு). அதைச் சமாளிக்கத்தான் எடிட்டிங்ல நிழலை வெளுப்பாக்குற ஷேடோ ஸ்லைடரை ஏத்தியிருக்கீங்க. அதனால நிழல்ல புள்ளி புள்ளியா நாய்ஸ், கோபுர ஓரத்துல வெள்ளை விளிம்பு. விளிம்பை எடுப்பாக்குற கிளாரிட்டியை இன்னும் கூட்டினா அந்த விளிம்பு தடிக்கும், குறையாது.

ஓட்டு வரிசை எடுப்பாத் தெரியணும்னா வெயில் பக்கவாட்டுல சாய்வா விழணும். காலையில தெற்கு ரத வீதிப் பக்கத்துலேருந்து வடக்கே பார்த்து வைங்க. வலது கைப் பக்கம் சூரியன். கோபுரத்தோட கிழக்கு முகம் வெளிச்சம், தெற்கு முகம் அரை நிழல், உருவம் திரண்டு வரும். நம்ம ஊர்ல சூரியன் சரசரன்னு ஏறிடும், மணிக்கு 13, 14 டிகிரி. ஆனியில ஆறு மணிவாக்குல உதிச்சா ஏழரைக்குள்ள 20 டிகிரி தாண்டிடும். அதுக்குள்ள வேலையை முடிக்கணும். ஆனியில சூரியன் வடகிழக்குல உதிக்கிறதால வெளிச்சம் லேசா எதிர்ப்பக்கமா வரும், ஓட்டு மேடுபள்ளம் நல்லா எழும்பும். மார்கழி, தையில தென்கிழக்கு; வெளிச்சம் முதுகுப் பக்கமா வரும், கொஞ்சம் தட்டையா இருக்கும்.

எக்ஸ்போஷருக்கு, ஒரு சின்ன இடத்து வெளிச்சத்தை மட்டும் அளக்கிற ஸ்பாட் மீட்டரைச் சுண்ணாம்புச் சுவர் மேல வச்சு, ஒண்ணரை ஸ்டாப் கூட்டினா போதும். சிவப்பு சேனல் ஹிஸ்டோகிராமை (வெளிச்ச அளவு காட்டுற வரைபடம்) தனியாப் பாருங்க. இளவெயில்ல செங்காவி ஓட்டுக்கு சிவப்புதான் முதல்ல வெடிக்கும், அதாவது அளவு மீறி விவரம் போயிடும். மொத்த ஹிஸ்டோகிராம் ஒண்ணும் ஆகாத மாதிரி நிக்கும். உங்க படத்துல இடது பக்கம், புதுசா மாத்தின சீமை ஓட்டுல வரிசையே தெரியாம ஆரஞ்சு பெயிண்ட் அடிச்ச மாதிரி இருக்கே, காரணம் அதுதான்.

தென்காசிக்காரர்:
நிழல் வெளிச்சம் ரெண்டையும் ஒரே படத்துல தெரிய வைக்கிற எச்.டி.ஆர். பத்தி ஒரு வார்த்தை. கேமராவால எடுத்ததுல இன்னைக்கும் மிஞ்சியிருக்கிற ஆகப் பழைய படமே கூரைப் படம்தான். பிரான்சுல நியெப்ஸ்ங்கிறவர் 1826-27 வாக்குல மாடி ஜன்னல்லேருந்து எடுத்தது. தகட்டுல பதிய பல மணி நேரம் ஆனதால சூரியன் இந்தப் பக்கத்துலேருந்து அந்தப் பக்கம் போயிருச்சு. ரெண்டு பக்கச் சுவர்லயும் வெயில். அவருக்கு வேற வழியில்ல. நாம எல்லா நிழலையும் ஏத்தி விட்டு அதே குழப்பத்தைக் கேட்டு வாங்குதோம். வெளிச்சம் எந்தத் திசையிலேருந்து வருதுன்னு படத்துல தெரியணும்வே.

டவுன்வாசி:
தொட்டியை மொத்தமா ஒதுக்கச் சொல்றது எனக்கு உடன்பாடில்ல. இன்னைய டவுன் மாடின்னா தொட்டி, டிஷ், கேபிள் வயர் எல்லாம் சேர்ந்ததுதான். ஓரத்துல தனியா விடாம, இடது பக்கம் உள்ளே தள்ளி, நிழல் சுவருக்கு முன்னால வர்ற மாதிரி நின்னு எடுங்க. கறுப்பு கறுப்போட கரைஞ்சிடும்.

டெலி லென்ஸ்ல ஒரு தொல்லை உண்டு. ஒன்பது மணிக்கு மேல ஓடு சூடாகிக் கானல் எழும்பும். கோபுரச் சுதைச் சிற்பமெல்லாம் மசங்கிடும். போகஸ் தப்புன்னு லென்ஸைக் குறை சொல்லாதீங்க.

படம் போட்டவர்:
நன்றி அண்ணாச்சி. கறுப்பு வெள்ளையா மாத்தினா சரிவருமா? சிவப்பு பில்டர்ல வானம் நல்லா இருண்டு வருது.

பேட்டைக்காரர்:
வானம் இருளும், ஆனா ஓடு வெளுத்துச் சுண்ணாம்புச் சுவரோட ஒண்ணாகிடும் தம்பி. கறுப்பு வெள்ளையா மாத்துறப்ப சிவப்பையும் ஆரஞ்சையும் குறைச்சு, ஓட்டை நடுச் சாம்பலுக்கும் ஒருபடி கீழ நிறுத்துங்க. சுவர் தானா எடுத்துக்கொடுக்கும். வானத்துக்கு நீலத்தை மட்டும் கொஞ்சம் இறக்குங்க, ரொம்ப இறக்கினா பட்டை பட்டையா உடையும், ஜேபெக்னா இன்னும் சீக்கிரம். மழை பெஞ்ச மறுநாள் காலைல போனா ஓடு நனைஞ்சு தானே இருண்டிருக்கும், பாதி வேலை மிச்சம். அன்னைக்குக் கோணத்துக்காக யார் வீட்டு ஓட்டு மேலயும் கால் வைக்காதீங்க. பாசி வழுக்கும், நாட்டு ஓடு மிதிச்சா நொறுங்கும்.