அளவு எங்கண்ணே இருக்கு?

காரைக்குடியிலிருந்து:

போன கார்த்திகையில் பக்கத்து வீட்டு ஆச்சியின் அடுப்படியில் நடந்தது இது. செட்டிநாட்டுக் கல்யாணப் பலகாரங்களைப் பற்றி நான் இணையத்தில் எழுதியிருந்த கட்டுரை 3,000 சொற்களைத் தாண்டும். கந்தரப்பம், மனகோலம், சீப்புச் சீடை, வெள்ளைப் பணியாரம் எல்லாம் ஒரே பக்கத்தில். சென்னையிலிருந்து வந்திருந்த ஆச்சியின் மகள் அதைப் பார்த்துப் பணியாரம் சுட உட்கார்ந்தார். இரண்டு கையிலும் ஈரம். சுண்டு விரலின் பின்பக்கத்தால் திரையைத் தள்ளிக்கொண்டே போனார். பலகாரத்தின் கதை, படம், மறுபடி கதை. அளவு இருந்த வரியை இரண்டு முறை தாண்டிப் போனதை நான் நின்று பார்த்தேன். "அளவு எங்கண்ணே இருக்கு?" என்றார். போனை வாங்கி நானே தேடினேன். எழுதிய எனக்கே உடனே அகப்படவில்லை.

அதற்குள் ஆச்சி முற்றத்திலிருந்து சொல்லிவிட்டார்: "பச்சரிசியத் தலைதட்டி அள, அது மேலயே உளுந்தக் கோபுரமா வையி. அம்புட்டுத்தான்."

அன்று ராத்திரியே கட்டுரையைத் திறந்தேன். துணைத் தலைப்பு என்று நான் நினைத்திருந்ததெல்லாம் வெறும் தடித்த எழுத்து. கண்ணுக்குத்தான் தலைப்பு, உலாவிக்கும் தேடுபொறிக்கும் அது சாதாரணப் பத்தி. எல்லாவற்றையும் முறையான தலைப்புகளாக்கி, மேலே ஒரு பொருளடக்கம் வைத்து, ஒவ்வொரு வரியையும் தொட்டால் அந்தப் பகுதிக்கே போகும்படி செய்தேன். தலைப்புகளின் பெயரையும் மாற்றினேன். 'பாரம்பரியச் சுவை' என்றிருந்தது 'வெள்ளைப் பணியாரம்: அரிசி, உளுந்து அளவு' ஆயிற்று. கேட்கிறவர் வாயில் வரும் சொல் தலைப்பில் இருக்க வேண்டும் என்பதில் எனக்கு இப்போது சந்தேகமே இல்லை.

இரண்டு சிக்கல் வந்தது. பகுதிகளுக்கு, இணைப்பின் கடைசியில் வரும் அடையாளப் பெயரைத் தமிழிலேயே கொடுத்திருந்தேன். இணைப்பை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் சதவீதக் குறியும் ஆங்கில எழுத்தும் எண்ணுமாக நீண்டது. ஒரு 'க' மட்டும் 9 இடம் பிடித்தது, 'கா' என்றால் 18. அடையாளப் பெயரை மட்டும் ஆங்கில எழுத்தில் சுருக்கமாக வைத்தேன், சரியாயிற்று. அடுத்தது, பக்கத்தின் உச்சியில் நகராமல் நிற்கும் பட்டை, குதித்து வந்த தலைப்பை மறைத்தது. பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் நடைதாளில் (சிஎஸ்எஸ்) 'ஸ்க்ரோல்-மார்ஜின்-டாப்' என்று ஒரு வரி சேர்த்து, பட்டையின் உயரத்துக்கு இடம் விட்டேன்.

சில வாரங்களில் கூகுள் முடிவில் என் கட்டுரைக்குக் கீழே அளவுப் பகுதிக்கே நேராகப் போகும் இணைப்பு தெரிந்தது. எப்போதும் தெரியும் என்று சொல்ல முடியாது. காட்டுவதும் விடுவதும் அவர்கள் கையில்.

கானாடுகாத்தானிலிருந்து:

அண்ணே, எனக்கு நேர்ந்தது பக்கத்துக்குள் இல்லை, பக்கங்களுக்கு நடுவில். நகரத்தாரின் குலக்கோயில்களான நகரக் கோயில்கள் ஒன்பதுக்கும் தனித்தனியாக எழுதினேன்: இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி. எட்டும் தேடலில் வந்தன, இரணியூர் மட்டும் வரவே இல்லை. ஒரு வாசகர் கேட்ட பிறகுதான் பார்த்தேன், அந்தப் பக்கத்துக்கு வேறு எந்தப் பக்கத்திலிருந்தும் இணைப்பு இல்லை. தேடுபொறி பெரும்பாலும் இணைப்பைப் பிடித்துக்கொண்டுதான் புதுப் பக்கத்துக்குப் போகும். வழியே போடாத வீட்டுக்கு விருந்தாளி எப்படி வருவார்?

மற்ற இணைப்புகளும் 'இங்கே', 'இங்கே' என்றே இருந்தன. 'இரணியூர் ஆட்கொண்டநாதர் கோயில்' என்று கோயில் பெயரையே இணைப்பாக்கினேன். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் 'முகப்பு, கோயில்கள், நகரக் கோயில்கள், இரணியூர்' என்று வழித்தடமும் போட்டேன். 2025 ஜனவரியிலிருந்து கைபேசி முடிவுகளில் கூகுள் அந்த வழித்தடத்தைக் காட்டுவதில்லை, கணினியில் காட்டுகிறது. அதற்காக நான் எடுக்கவில்லை. தேடலிலிருந்து நேரே இரணியூரில் வந்து இறங்குகிறவருக்கு மற்ற எட்டும் எந்தப் பக்கம் என்று தெரிய வேண்டாமா?

தேவகோட்டையிலிருந்து:

நான் பார்வையற்றவன், பள்ளி ஆசிரியர். திரையில் உள்ளதை வாய்விட்டுப் படித்துக் காட்டும் என்விடிஏ என்ற திரைவாசிப்பானை வைத்துப் படிக்கிறேன். அதில் ஹெச் விசையை அழுத்தினால் அடுத்த தலைப்புக்குப் போகலாம். 2 என்ற எண்ணை அழுத்தினால் இரண்டாம் நிலைத் தலைப்புகள், அதாவது பக்கத் தலைப்புக்கு அடுத்த படியில் உள்ளவை, மட்டும் வரும். நீங்கள் கண்ணால் பக்கத்தை மேய்கிற வேலையை நான் இந்த இரண்டு விசையால் செய்கிறேன். தடித்த எழுத்தைத் தலைப்பாக வைத்த கட்டுரை எனக்கு ஒரே நீளமான பத்தி. 'இங்கே', 'இங்கே' என்ற இணைப்புகளும் அப்படித்தான். இணைப்புப் பட்டியலைத் திறந்தால் ஒரே சொல் பத்துத் தடவை ஒலிக்கும். எது எங்கே போகும் என்று நான் எப்படித் தெரிந்துகொள்வது?

தலைப்பு நிலைகள் வரிசை தப்பினால் தேடலில் பின்தங்கிவிடுவோம் என்று சிலர் பயமுறுத்துவார்கள். தேடலுக்கு அது பொருட்டில்லை என்று கூகுளின் தொடக்க வழிகாட்டியே சொல்கிறது. எனக்குப் பொருட்டு. இரண்டிலிருந்து நான்குக்குத் தாவினால் நடுவில் எதையோ விட்டுவிட்டோம் என்று திரும்பிப் போய்த் தேடுகிறேன். தயவுசெய்து எங்களுக்காகவாவது வரிசையாகப் போடுங்கள்.

காரைக்குடியிலிருந்து:

ஐயா, நீங்கள் சொன்னது மனசில் தைத்தது. என் பலகாரப் பக்கத்தை ஒருமுறை ஓட்டிப் பார்த்துச் சொல்வீர்களா?

தேவகோட்டையிலிருந்து:

பார்த்தேன் தம்பி. பணியாரத்தின் அளவுக்கு மூன்று அழுத்தலில் போய்விட்டேன். மனகோலத்தை அடுத்து நேராகக் கந்தரப்பம் வருகிறது. நடுவில் சீப்புச் சீடை இருப்பது கதையைக் கேட்கும்போதுதான் தெரிந்தது. அது இன்னும் தடித்த எழுத்தாகவே இருக்கிறதா என்று பாருங்கள்.

காரைக்குடியிலிருந்து:

ஆமாம் ஐயா, அப்படித்தான் இருந்தது. இப்போது மாற்றிவிட்டேன்.