மகனுக்குச் சீழ்க்கட்டி விடாமல் வருகிறது, வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

மகனுக்கு 14 வயது. மதுரையில் இருக்கிறோம். ஜூனில் தொடங்கியது, இதோடு ஆறாவது கட்டி. முதலில் தொடை, அப்புறம் அக்குள், இப்போது பின்புறம். சிவந்து, கல் மாதிரி இறுகி, நாலைந்து நாளில் சீழ் வைக்கிறது. வகுப்பில் உட்கார முடியாமல் பிள்ளை தவிக்கிறான்.

இரண்டு முறை கீறிச் சீழ் எடுத்தார்கள். செஃபலெக்சின் என்ற ஆன்டிபயாடிக் மூன்று தடவை, ஒவ்வொன்றும் 7 நாள், ஒரு வேளைகூட விடவில்லை. கேட்கவில்லை. ஆகஸ்டில் வேறு டாக்டர் எந்தக் கிருமி என்று பார்க்கச் சீழைக் கல்ச்சருக்கு அனுப்பினார். ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா, அதிலும் செஃபலெக்சின் மாதிரி மருந்துகளுக்கு அடங்காத எம்.ஆர்.எஸ்.ஏ. வகை. இதை முதல் கட்டியிலேயே பார்த்திருக்க வேண்டும் என்பது என் ஆதங்கம். சர்க்கரை இல்லை, மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 5.2. பிறகு கிளிண்டமைசின் என்ற வேறு ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். கூடவே மூக்கில் தங்கும் கிருமியைக் கொல்ல மூக்கினுள் மியூபிரோசின் களிம்பு தினம் இரண்டு வேளை 5 நாள், குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினிக் குளியல். இரண்டு மாதம் நிம்மதியாக இருந்தோம். போன வாரம் மறுபடி வந்துவிட்டது.

வேப்பிலை, மஞ்சள் பற்றும் போட்டாயிற்று.

களிம்பும் குளியலும் அவனுக்கு மட்டும்தான் செய்தோம். இந்தக் கிருமி நோயே இல்லாதவர் மூக்கிலும் தங்கியிருக்குமாம். போன மாதம் என் கணவருக்கும் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. துண்டு, படுக்கை விரிப்பு எல்லாம் அதுவரை பொதுவாகத்தான் இருந்தன.

வரும் திங்கள் டாக்டரைப் பார்க்கப் போகிறோம். வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் களிம்பும் குளியலும் எடுத்து, அதற்குப் பிறகு கட்டி நின்றுபோனவர்கள் இருக்கிறீர்களா, எத்தனை நாள் செய்தீர்கள்?